கற்பூரம் அணைக்காத ஒன்பதாவது கை

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற சாலையின் இரண்டு பக்கமும் இன்றைக்கு மருந்து தெளிக்காத பருத்தி விளைகிறது என்றால், அதற்கு முதல் ஆள் நான். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. மற்றவர்கள் சொல்வார்கள் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கித் தோள் காய்த்தவன். அந்தத் தோளோடு போய்த்தான் ஊர் ஊராக உட்கார்ந்து, "மருந்து அடிக்காதீங்க, நான் வாங்கிக்கறேன்" என்று சொன்னேன். சிரித்தார்கள். பதினோரு பேரோடு முதல் குழுவைக் கட்டினேன். அது நூற்றிருபது குடும்பமானது. நம் பருத்தி உள்ளே போவதற்கு முன்னால் அரவை மில்லின் மிஷினைத் துடைத்துக் கழுவ வைத்தேன். மில்காரர் என்னைப் பைத்தியம் என்றார், ஆனால் கழுவினார். பிளாஸ்டிக் சாக்கை ஒழித்தேன். பருத்தி எடுக்கிற பெண்களின் கண்ணெதிரேதான் எடை போட வேண்டும் என்று தராசைக் களத்துக்கே கொண்டுபோனேன். குழந்தைத் துணி தைக்கிற வெளிநாட்டுக் கம்பெனி அம்மாள் வந்தபோது, நாற்காலி கேட்காமல் அவரை வரப்பில் உட்கார வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக் கொடுத்தேன். மறு வருஷம் வாங்குவதை இரண்டு பங்கு ஆக்கினார். பருத்தியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இழுத்துப் பார்த்து இழை நீளம் சொல்வேன். மிஷின் பிறகு அதையே சொல்லும்.

படித்தவர்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவர்கள். நான் நடந்து போட்ட தடத்தில் காரோட்டி வந்தார்கள். வந்தது சந்தோஷம்தான். ஆனால் தடம் யார் போட்டது என்று மட்டும் மறக்கக் கூடாது.

இப்போது நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னார்கள். என் எழுத்து கோணல். தட்டச்சு செய்கிற பெண் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

கமிட்டியில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய தரகர். காது கேட்காது. அதனால் விற்கிறவன் சொல்வது எதுவும் அவரை ஏமாற்றாது. மூட்டையைப் பிரித்ததும் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு அடிப் பருத்தியை எடுத்துப் பார்ப்பார். "மேல இருக்கறதை ஆளு காட்டுவான். அடியில இருக்கறதை நீதான் எடுக்கணும்" என்பார். அன்றிலிருந்து என் கை போகாத மூட்டை கிடையாது. ஈரம், கொட்டை, கல், நேற்றுப் பெய்த மழை, எல்லாவற்றையும் என் விரல் கண்டுபிடித்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தக் கை ஒரே ஒரு இடத்தில் குருடாகப் போயிற்று. அதைத்தான் எழுத வந்தேன்.

உங்களுக்கு அந்தக் கதை தெரியும். பயிற்சிக்கு வந்த முதல் நாளே நான் உங்களுக்குச் சொன்ன கற்பூரக் கதைதான். சொல்லும்போது நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதில் பாதியை நான் சொல்லவில்லை.

மேல்சித்தாமூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே குழு சேர்க்கப் போனபோது கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன். தொண்டை வற்றியதுதான் மிச்சம். எல்லாரும் தலையாட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்கள். பின்னால் நின்றிருந்த ஒருவர் மட்டும் கை தூக்கினார். தரணேந்திரன் என்று பெயர். ஜைனக் குடும்பம், மூன்று ஏக்கர் சொந்த நிலம். ஊரில் எல்லாரும் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஒரே ஒரு கேள்விங்க. பூச்சியைக் கொல்லாம பருத்தி போட்டா, மெய்யாலுமே வாங்கிப்பீங்களா?"

"வாங்கறதுக்குத்தானேங்க தொண்டைத்தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கேன்."

"அப்ப எம் பேரை எழுதிக்குங்க."

அவ்வளவுதான். அந்த ஊரில் முதல் பெயர் அவருடையது. அவரைப் பார்த்துத்தான் மற்ற எட்டுப் பேரும் சேர்ந்தார்கள். பிறகு பேச்சுவாக்கில் அவர் மனைவி சொன்னார்: முன்பு வயலுக்கு மருந்து அடித்த நாளெல்லாம் அவருக்குச் சோறு இறங்காதாம். தெளிப்பானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பேசாமல் படுத்துக்கொள்வாராம்.

அவர் பருத்தி போட்ட விதத்தை நான் பார்த்திருக்கிறேன். வரப்பைச் சுற்றி ஆமணக்கு நட்டிருப்பார். புழு ஆமணக்கைத் தேடிப் போகும், பருத்தியை விட்டுவிடும் என்று எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். மற்றவர்கள் அந்த ஆமணக்கு இலையைப் புழுவோடு பறித்து நசுக்குவார்கள். நயினார் நசுக்க மாட்டார். பருத்தி இலையில் இருக்கிற புழுவையும் இலையோடு கிள்ளிக் கொண்டுபோய் ஆமணக்கில் விடுவார். "இன்னாங்க, புழுவுக்குக் குடி மாத்தறீங்களா?" என்று கேலி பண்ணினேன். "அதுவும் எங்கியாவது இருக்கணுமில்லீங்களா?" என்றார்.

இதைக் கண்ணால் பார்த்தவன் நான். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, பரிசோதனைக் கூடத்திலிருந்து காகிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. கணக்கர் படித்துச் சொன்னார். அந்த ஊரிலிருந்து வந்த கடைசி லோடில் மருந்து இருக்கிறது. ஒன்பது பேருடைய பருத்தியும் அதில் கலந்திருந்தது. குழந்தை உடம்பில் படுகிற துணிக்குப் போகிற பஞ்சு. மருந்தில்லாத பருத்தி என்று சான்றிதழ் கொடுக்கிறவர்கள் ஒரு வாரம் கெடு வைத்தார்கள். தப்பு பண்ணினது யார் என்று கண்டுபிடித்து நீக்கினால் மற்றவர்கள் பிழைக்கலாம். இல்லாவிட்டால் நூற்றிருபது குடும்பத்தின் சான்றிதழும் நிற்கும். மூன்று வருஷம் மருந்தில்லாமல் போட்டு, பூச்சியோடு மல்லுக்கட்டி வாங்கின சான்றிதழ்.

தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பெயர் கொடு என்று யாராவது உங்கள் கழுத்தில் கை வைத்தால், உங்களுக்கு உண்மை தேவைப்படாது, பெயர்தான் தேவைப்படும். அன்றைக்கு எனக்கு இது தெரியவில்லை. உண்மையைத்தான் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு பைக்கை மிதித்தேன்.

ஒன்பது வீட்டுக்கும் போனேன். ஒன்பது பேரும் "நான் இல்லை" என்றார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தானே சொல்வார்கள்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்ன மருந்து என்று மிஷின் சொல்லும், எந்தக் கை என்று சொல்லாது. அதை நான் கண்டுபிடிக்கிறேன் பார் என்று எனக்குள் ஒரு திமிர். எல்லாரையும் ஊர் எல்லையம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டேன்.

நம் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். தரையில் கற்பூரம் கொளுத்தி, "நான் பண்ணலை" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொல்கிறவன் அணைக்க மாட்டான்; கை நடுங்கும். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஒவ்வொருத்தராக வந்தார்கள். எட்டுப் பேரும் அணைத்தார்கள். கோவிந்தன் என்று ஒருவர், அவர் அடித்த அடியில் கற்பூரம் தெறித்து என் வேட்டியில் விழுந்தது. "போதுமா? இல்ல, இன்னொன்னு கொளுத்தறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

நயினார் வரவில்லை. கோயிலுக்கு முன்னால் இருக்கிற வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமே நின்றார். ஒரு அடிகூட உள்ளே வைக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் அங்கே யாரோ சேவல் அறுத்திருந்தார்கள். இறகு அப்படியே கிடந்தது. ரத்தம் சிந்தின இடத்தில் அவர் எப்படி வந்து நிற்பார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பயம் என்று நினைத்தேன்.

"வாங்க நயினாரே."

"நான் சொல்லிட்டேனுங்களே. அடிக்கலை."

"அதைக் கற்பூரத்து மேல சொல்லுங்க."

"எங்க வழக்கத்துல இது கிடையாதுங்க. சொன்ன சொல்லுக்கு மேல ஒண்ணும் வெக்கறதில்லை."

கோவிந்தன் குரல் கொடுத்தார்: "ஏன் நயினாரே, கை சுட்டுடுமா?"

"சுடறதுக்கு இல்லப்பா. ரெண்டாவது தடவை சொன்னா மொதல்ல சொன்னது பொய்னு ஆயிடாதா?"

"நல்லாப் பேசறாருயா. பேசியே தப்பிச்சுக்கினு போயிடுவாரு போல!"

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை நயினாரின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. புழுவை ஆமணக்குக்குக் குடி மாற்றுகிற கையைப் பார்த்தவன் அங்கே நான் ஒருவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. எட்டுக் கை அணைத்தது, ஒன்பதாவது கை அணைக்கவில்லை. எனக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

மறுநாள் காலையில் பாரத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். குழுவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்கிற பாரம். அதில் காரணம் என்று ஒரு கோடு இருக்கும். அதில் என்ன எழுத வேண்டும் என்று ஆபீசில் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: தடை செய்யப்பட்ட மருந்தைத் தெளித்தது. நயினார் பத்தாவது வரை படித்தவர். முழுவதையும் படித்தார்.

"இதுல இன்னா எழுதணும்ங்க?"

சொன்னேன்.

"அது பொய்யாச்சேங்க."

"பொய்யோ மெய்யோ, நயினாரே, நூத்திருபது குடும்பம் உங்க கையிலதான் இருக்குது. ஒரு ஆள் வெளிய போனா மீதிப் பேர் பிழைப்பாங்க. நாளன்னிக்கு கெடு முடியுது. எனக்கு வேற வழி தெரியல."

அவர் மனைவி உள்ளேயிருந்து, "எழுதாதீங்க" என்றார். சத்தமாக இல்லை. நயினார் பாரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் போயிட்டா, அவங்க பருத்தி வித்துப் போயிடுமா?"

"போயிடும்."

"நிச்சயமா?"

"நான் சொல்றேன்."

"அப்ப விலகிக்கறேன். கையெழுத்துப் போடறேன். ஆனா காரணத்தை எழுத மாட்டேன். அந்த இடம் காலியாவே இருக்கட்டும். காலியா இருந்தா பொய் இல்லீங்களே."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காலியான கோட்டோடு.

தம்பி தங்கைகளா, காலியான கோட்டோடு அந்தப் பாரத்தை ஆபீசில் வாங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, நானே அதை நிரப்பினேன். தெளித்தது என்பதில் எந்த 'ளி' வரும் என்று கடைக்காரரைக் கேட்டு எழுதினேன். அவர் கையெழுத்துக்கு மேலே என் கோணல் எழுத்து. அதன் மேலே டீ கொஞ்சம் சிந்தியது. துடைத்துவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

கெடு முடிவதற்குள் பெயர் போய்ச் சேர்ந்தது. குழு பிழைத்தது. ஆபீசில் எனக்குச் சால்வை போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குக் கற்பூரக் கதையைச் சொன்னேன். "படிச்சவன் மிஷினை நம்புவான், நான் மனுஷனை நம்புவேன்" என்று முடிப்பேன். கை தட்டுவார்கள். பிறகு பயிற்சிப் புத்தகத்திலேயே அதைச் சேர்த்தார்கள். 'குழுவில் ஒரு விதிமீறல்: கண்டறிந்த விதம்' என்று தலைப்பு.

இரண்டு வருஷம் கழிந்தது. நயினார் பருத்தியை விட்டுவிட்டு கேப்பையும் மல்லாட்டையும் போட்டார். எதிரே வந்தால் கும்பிடுவார். நானும் கும்பிடுவேன்.

அந்த வருஷம் விளைச்சல் அதிகம். கடைசி லோடுக்குப் புதுக் கோணி போதவில்லை. கோணி தட்டுப்பாடு ஆகிறபோதெல்லாம் நான் போகிற ஒரு மல்லாட்டை வியாபாரி இருந்தார். அவரிடமிருந்து பழைய கோணி வாங்கி, உதறி, வெயிலில் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். பிளாஸ்டிக் இல்லை, சணல்தானே, என்ன கெடுதல்? மூட்டைகள் அரவை மில்லுக்குப் போய்ச் சேர்ந்தன. நானும் போனேன். அங்கே மூட்டை பிரிக்கிற அஞ்சலை என்கிற அம்மாள், முதல் மூட்டையின் வாயை அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார்.

"இன்னாம்மா?"

"இது வெதை மல்லாட்டை கட்டி வெச்ச கோணிங்க. பூச்சி வராம இருக்க வெள்ளைப் பொடி தூவுவாங்களே, அந்த வாசம். அன்னிக்கும் இதே மாதிரிக் கோணியிலதான் வந்துது. கையெல்லாம் அரிச்சுப் போச்சு."

"என்னிக்கு?"

"அதாங்க, நயினார் மருந்து அடிச்சாருன்னு பேஜார் ஆச்சே, அந்த லோடுதான்."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்று கத்தினேன்.

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னேங்க. ஜல்தியா கொட்டுன்னு விரட்டுனாரு. உங்ககிட்ட சொல்லலாம்னா, நீங்க எங்ககூடப் பேசினது எப்ப? வருவீங்க, மூட்டையில கையை விடுவீங்க, போவீங்க."

முழங்கை வரைக்கும் உள்ளே போன என் கை, மூட்டையின் மேல்துணியை ஒரு நாளும் தடவிப் பார்க்கவில்லை. அன்றைய லோடுக்கும் பழைய கோணி கொடுத்தவன் நான்தான். ஒன்பது பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். மருந்து வந்தது என் கோணியிலிருந்து.

நீங்கள் கேட்பீர்கள்: உடனே போய்ச் சொன்னீர்களா என்று. சொல்லவில்லை. அந்த மூட்டைகளை நம் கணக்கிலிருந்து பிரித்து சாதாரணப் பருத்தியாக வெளியே அனுப்பினேன். கோணியைக் கொளுத்தினேன். அஞ்சலையிடம், "இதை வெளிய பேசாதம்மா" என்றேன். "நான் பேசி யாரு கேட்டாங்க?" என்றார். சொன்னால் சான்றிதழ்காரர்கள் பழைய ஃபைலைத் திறப்பார்கள், குழு போய்விடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. என் பெயர் போய்விடும். அதுதான் மீதிப் பாதி. மறு வருஷமும் பிள்ளைகளுக்குக் கற்பூரக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டேன். ஆனாலும் முடிவில் கை தட்டல் வந்ததும் நிமிர்ந்துகொண்டேன்.

ஒரு நாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நயினார் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கோலியனூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு, விழுப்புரம் வந்து, அங்கிருந்து செஞ்சிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அஞ்சு மணி. அவர் ஆச்சரியப்பட்டார். ஆனால் முதலில் கேட்டது சாப்பாடு.

"பொழுது சாயறதுக்குள்ள உக்காருங்க. எங்க வீட்டு வழக்கம் தெரியுமில்லீங்களா? விளக்கு வெச்சா அப்புறம் மோர்கூடக் கிடைக்காது."

சிரித்துக்கொண்டே சொன்னார். மகள் பத்மா இலை போட்டாள். சோறு, அவரைக்காய்ச் சாம்பார், மோர். தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினாள். என் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் சாப்பிட்டார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மோரை ஊற்றி இறக்கினேன்.

"குழு எப்படிங்க போய்க்கினு இருக்குது?"

"நல்லாப் போகுது."

"கோவிந்தன் எல்லாம் போடறாரா?"

"போடறாரு."

"நல்லா இருக்கட்டும். நீங்க அன்னிக்குச் சொன்னபடி அவங்க பருத்தி வித்துப் போயிடுச்சு. அதை நெனச்சுக்குவேன்."

கை கழுவினதும் வாசலில் வந்து நின்றோம். மழை, மாடு, மல்லாட்டை என்று பேசிக்கொண்டே இருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"ஏதோ சொல்ல வந்தாப்ல இருக்குதுங்களே?"

அதைவிட அகலமாக யாரும் எனக்குக் கதவைத் திறந்து வைத்ததில்லை.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய பெரிய வெளிநாட்டுக்காரர்களை எதிரில் உட்கார வைத்துப் பேசினவன். ஒரு மூன்று ஏக்கர்க்காரரிடம் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருஷத்தில் அவர் போய்விட்டார். நெஞ்சு வலி. விழுப்புரம் கொண்டுபோகிற வழியிலேயே. எனக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. களத்துக்குப் போன பையன் போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டே, "நம்ம பழைய விதிமீறல் கேஸ் இருந்தாருல்ல, அவர் இறந்துட்டாராம் ஐயா" என்றான். அந்தப் பெயரை அவருக்கு வைத்தவன் நான்.

போனேன். மாலை வாங்கலாமா என்று நினைத்து, வாங்காமல் போனேன். வீட்டில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். பத்மா என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த முகம்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். எனக்காக இல்ல, அம்மாவுக்காக. அப்பா மருந்து அடிச்சாரா?"

"இல்லம்மா."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது. என் கோணியில இருந்த மருந்தும்மா அது."

"அப்புறம்னா? நீங்க இங்க வந்து சாப்பிட்டீங்களே, அப்ப தெரியுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் வைக்கோலை அள்ளி மாட்டின் முன்னால் போட்டாள்.

"மேல்சித்தாமூர் ஜைன மடத்துல திருவிழான்னா அப்பாதான் மொத ஆளாப் போய்ப் பந்தி பரிமாறுவாரு. உங்க காகிதம் வந்ததுக்கப்புறம் யாரோ ஒருத்தர், 'உயிரைக் கொன்ன கையி'ன்னு வெளையாட்டுக்குச் சொன்னாராம். அதுக்கப்புறம் அப்பா பரிமாற மாட்டாரு. போவாரு, கும்பிடுவாரு, கடைசிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துடுவாரு. நாங்க கேட்டா, 'நான்தானே விலகறேன்னு கையெழுத்துப் போட்டேன்'னு சொல்லிடுவாரு. உங்களை ஒரு வார்த்தை சொல்லலை."

"என்னை என்ன வேணாலும் சொல்லும்மா."

"உங்களைச் சொல்லி இன்னா பண்றது? எங்கிட்ட அழுதா எங்க அப்பாவுக்கு இன்னா வந்துடப்போவுது? அவரை எங்க எழுதினீங்களோ, அங்க போய் எழுதுங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். போய்ட்டு வாங்க என்று சொல்லவில்லை.

ஆபீசில் போய்ச் சொன்னேன். இப்போது பொறுப்பில் இருக்கிறவர் நல்ல மனுஷன், படித்தவர். கேட்டுவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். "அவரும் இல்லை, நீங்களும் ரிட்டயர் ஆகப்போறீங்க. இப்ப எதுக்குங்க ஐயா இதைக் கிளறிக்கினு? உங்க பேருக்கில்ல கெட்டது?" என்றார். நான் விடவில்லை. கடைசியில் இறங்கி வந்தார். சான்றிதழ்காரர்களுக்குத் திருத்தம் எழுதிவிடலாம், பயிற்சிப் புத்தகத்திலும் மாற்றிவிடலாம் என்றார். எழுதியும் காட்டினார். 'சேமிப்பு முறையில் ஏற்பட்ட குறைபாடு' என்று இருந்தது.

குறைபாடு யாருடையது? சேமிப்பு முறைக்குக் கை கால் இருக்கிறதா? அது பழைய கோணி வாங்கப் போகுமா, டீக்கடையில் உட்கார்ந்து இன்னொருவர் கையெழுத்துக்கு மேலே பொய் எழுதுமா? நயினாரைப் பற்றி எழுதும்போது மட்டும் 'தரணேந்திரன் என்ற விவசாயி தெளித்தார்' என்று ஆளைக் காட்டத் தெரிந்தது. என்னைப் பற்றி எழுதும்போது ஆளே இல்லாமல் போய்விடுகிறதா?

நீங்கள் துணி, பஞ்சு, பட்டு, சணல் என்று எதை வாங்கப் போனாலும், காகிதத்தில் உள்ள நேர்மையைப் பார்ப்பீர்கள். பாருங்கள். ஆனால் அந்தக் காகிதம் சுத்தமாக இருப்பதற்காக யாரை வெளியே தள்ளினார்கள் என்றும் ஒரு தடவை கேளுங்கள். மூட்டை பிரிக்கிறவர்களைக் கேளுங்கள். அஞ்சலை மாதிரி ஒருவர் எல்லா மில்லிலும் இருக்கிறார். எனக்கு இரண்டு வருஷம் முன்னாடியே ஒரு தும்மல் கேட்டிருக்க வேண்டும்.

இனி என் கோரிக்கை. இதை நான் கெஞ்சிக் கேட்கவில்லை, உரிமையோடு கேட்கிறேன். இந்தப் பகுதியில் முதல் குழுவை அமைத்தது, அரவை மில்லைக் கழுவ வைத்தது, தராசைக் களத்துக்குக் கொண்டுபோனது என்று எத்தனை இடத்தில் என் பெயர் விடுபட்டிருக்கிறதோ, அதையெல்லாம் விட்டுவிடுங்கள். அதற்கு இனி நான் சண்டை போட மாட்டேன். ஆனால் தரணேந்திர நயினாரைக் குழுவிலிருந்து நீக்கிய பாரத்தில், காரணம் என்ற கோட்டில் இருக்கிற எழுத்து என்னுடையது. அந்த மருந்து என் கோணியுடையது. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்த காலம் என்னுடையது. இந்த மூன்றிலும் வேறு யாருக்கும் பங்கில்லை. பயிற்சிப் புத்தகத்தில் அவர் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை, என் அப்பா பெயரோடு, ஊரோடு, முழுசாக எழுதுங்கள். எழுதி அச்சானதும் முதல் பிரதியை எனக்கு அனுப்ப வேண்டாம். பத்மாவின் வீட்டுக்கு அனுப்புங்கள்.